எனக்கில்லை, மச்சானுக்கு

மருந்துக்கடையில் நிற்கும் அந்த மனிதரின் கைகள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒரு பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்து, அட்டையின் முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, திரும்ப முன்பக்கம் பார்த்து, இருந்த இடத்திலேயே வைக்கின்றன. இருமல் மிட்டாய் டப்பாவைக் குலுக்குகின்றன. தலையில் பத்து முடி மிச்சமிருப்பவருக்கு எந்த விதத்திலும் பயன்படாத ஒரு சீப்பை எடுத்து, அதன் பற்களை விரலால் நெருடுகின்றன. கைகள்தான் இங்கே. கண்கள் மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய்ப் போய்த் திரும்புகின்றன. அங்கே பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலங்கள் வரிசையாக நிற்கின்றன.

இவரை உங்களுக்குத் தெரியும். ‘வேறொருத்தருக்கு வாங்குபவர்’ என்னும் இனம். தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். தான் அதில் ஒரு ஆள் என்று ஒப்புக்கொண்டவர் இதுவரை கிடைக்கவில்லை.

இந்த இனத்தாருக்கு உடம்பில் ஒரு சின்னத் தகராறு. இருமினால், தும்மினால், கனமான பையைத் தூக்கினால், வயிறு குலுங்கச் சிரித்தால், நாலு சொட்டு நழுவிவிடும். அவ்வளவுதான். வாளிக் கணக்கு இல்லை, நாலு சொட்டு. பிள்ளை பெற்ற பெண்களில் எத்தனையோ பேருக்கு உண்டு. வயதான ஆண்களில் எத்தனையோ பேருக்கு உண்டு. டாக்டரிடம் காட்டினால் பலருக்குப் பயிற்சியிலேயே குறையும். மிச்சத்துக்கு மெல்லிசான உள்ளாடை இருக்கிறது. போட்டுக்கொண்டு, நனைந்தால் கழற்றி எறிய வேண்டியதுதான். குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றுகிறோம். அதற்காகக் குழாய் ஊரை விட்டா ஓடிப்போகிறது? கண் மங்கினால் முகத்தின் நட்டநடுவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரிகிறோம். பல் போனால் கட்டிய பல்லைக் காட்டி ஃபோட்டோவுக்குச் சிரிக்கிறோம். இடுப்புக்குக் கீழே ஒரு சொட்டு என்றால் மட்டும் வம்சத்தின் மானமே போய்விடுகிறது.

ஆகவே இந்த இனத்தார் முதலில் செய்வது, தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. இதைவிட முட்டாள்தனம் கிடையாது. சிறுநீர் கெட்டியாகும், எரிச்சல் கூடும், நாலு சொட்டு எட்டாகும். அடுத்து, ஊரில் உள்ள கழிப்பறைகளையெல்லாம் மனப்பாடம் செய்வார்கள். நூலகத்தில் என்ன புத்தகம் இருக்கிறது என்று தெரியாது. கழிப்பறை மாடிப்படிக்குப் பின்னால் இடது பக்கம் என்று தெரியும். யாராவது வேடிக்கையாக ஏதோ சொல்ல ஆரம்பித்தால் அவசரமாக நாற்காலி தேடுவார்கள். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலோடு காலைப் பின்னிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார்கள். எதிரே வருபவர், ஏதோ நடனம் தொடங்கப்போகிறது என்று ஒதுங்கி வழிவிடுவார். இத்தனையும் செய்து பார்த்து, வேறு வழியே இல்லை என்றான பிறகுதான் கடைக்குக் கிளம்புவார்கள். அதுவும் தெருமுனைக் கடைக்கா? இரண்டு பஸ் மாறிப் போகும் கடைக்கு. தெரிந்தவர் ஒருவரும் வராத கடைக்கு. போனதும் அங்கே தெரிந்தவர் ஒருவர் நிற்பார். அவரும் இரண்டு பஸ் மாறி வந்தவர்தான். இருவரும் ஆளுக்கொரு அட்டை தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, இந்த வருஷம் மழை எப்படி என்று பேசிவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

கடைக்காரரிடம் வாய் திறக்கும் நேரம் வந்துவிட்டால் மந்திரம் ஒன்றுதான். “எனக்கில்ல.” உங்களுக்கா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்பதற்கு முன்பே பதில் வந்து விழும். பெண்கள் பெரும்பாலும் மாமியாருக்கு வாங்குவார்கள். மாமியார் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருக்கும். அவர் கணக்கில் மாதம் ஒரு பொட்டலம் போய்க்கொண்டே இருக்கும். உயிரோடு இருந்தபோது அந்த அம்மாளுக்கு இப்படி ஒரு கவனிப்பு கிடைத்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆண்கள் மாமனாருக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு, கூட வேலை பார்த்த யாரோ ஒருவருக்கு வாங்குவார்கள்.

சீப்பை நெருடிக்கொண்டு நின்ற நம் ஆள் மச்சானுக்கு வாங்கினார். வம்பு பிடித்தது அங்கேதான்.

நம் ஆள் தையல்காரர். வயது அறுபத்தாறு. ஊரில் அவருக்குப் பெயர் அளவுக்காரர். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றால், தெருவில் போகிறவர்களின் இடுப்பைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, “அது உங்க ஆசை, அளவு முப்பத்தாறு,” என்பார். வாடிக்கையாளர் சொல்லும் பொய்யை அவர் ஒருநாளும் துணியில் வெட்டியதில்லை. அவருடைய உடம்பு எப்படி என்றால், ஐந்தடிக்கு ஒரு விரல் கூட. இடுப்பு இருபத்தெட்டு. பலத்த காற்றடித்தால் கடையிலிருக்கும் தைத்த சட்டைகளோடு அவரையும் சேர்த்து மாட்டிவைப்பது நல்லது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவர் தீயணைப்பு நிலையத்தில் இருக்க வேண்டும். அறுபது பேருக்குச் சீருடை அளவு எடுக்கும் நாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. பதினான்கு வருஷமாக அவருடைய வேலை. கால் நீளம் எடுக்க வேண்டுமானால் முட்டிபோட வேண்டும், எழுந்திருக்க வேண்டும், அடுத்த ஆளுக்கு மறுபடி முட்டிபோட வேண்டும். அறுபது தடவை. அவருடைய நாலு சொட்டுக்கோ, முட்டிபோட்டு எழுந்திருக்கிற அந்த நொடிதான் நல்ல நேரம். போன வாரம் நிலையத்து அதிகாரி போனில் பேசியிருந்தார். “ரெடிமேட் கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்து வந்து போறாரு மாஸ்டர். உங்களுக்கு முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. தப்பா எடுத்துக்கமாட்டோம்.” முடியும் என்று சொல்லிவிட்டார். சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பேண்ட்டில் ஈரமாக ஒரு வட்டம் விழுந்தால், அதற்கப்புறம் எவர் முன்னால் போய் டேப்பை விரிப்பது?

கல்லாவில் இருந்த அம்மாள், இருபது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்துவிட்டு இந்தக் கடைக்கு வந்தவர். கூட்டம் குறையட்டும் என்று அவர் காத்திருந்ததை அளவுக்காரர் கவனிக்கவில்லை.

“சொல்லுங்க ஐயா.”

“எனக்கில்ல. என் மச்சானுக்கு.” விரல் கீழ்த்தட்டைக் காட்டியது.

“சரி. நடமாட்டம் இருக்கா, படுக்கையா?”

“நல்லா நடப்பார்.”

“அப்ப ரெண்டு பக்கமும் ஒட்டுறது வேணாம். பேண்ட் மாதிரி இழுத்துப் போட்டுக்கறது போதும். எவ்வளவு போகுது அவருக்கு? கொஞ்சமா, முழுசாவா?”

“நாலு சொட்டுதாம்மா. முட்டி போட்டு எழுந்திருக்கறப்ப மட்டும்.”

“மச்சான் என்ன வேலை பாக்கறாரு?”

“லாரி ஓட்டறார்.”

“லாரி ஓட்டறவர் எதுக்குய்யா முட்டி போடறாரு?”

அளவுக்காரர் சற்று யோசித்தார். “டயர் பாக்க,” என்றார்.

அந்த அம்மாளின் உதடு ஓரமாக ஒரு தடவை அசைந்து நின்றது. வார்டில் அவர் பார்க்காத மச்சான்களா?

“இடுப்பு எவ்வளவு சொல்லுங்க. பேண்ட் லேபிள்ல இருக்கற நம்பர் வேணாம், அது வாங்கின அன்னிக்கு இருந்த இடுப்பு. இடுப்புச் சுத்து, பின்பக்கச் சுத்து ரெண்டையும் டேப் வச்சு எடுத்து, எது பெருசோ அதுக்குத் தக்கபடி வாங்கணும்.”

இங்கேதான் தொழில் குறுக்கே விழுந்தது. வேறு யாராக இருந்தாலும், ஆள் மச்சான், அளவு தன்னுடையது என்று கச்சிதமாக முடித்துக்கொண்டு போயிருப்பார்கள். மச்சானை அந்த அம்மாள் பார்க்கவா போகிறார்? ஆனால் நாற்பது வருஷத்தில் ஒருவர் அளவை இன்னொருவர் பேரில் எழுதியறியாத கை அது. மச்சான் என்று வாயில் வந்ததுமே அவர் மனத்துக்குள் மச்சான் வந்து நின்றார், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“இடுப்பு நாப்பத்தாறே கால். சீட் நாப்பத்தொம்பது.”

“எக்ஸ்எல்,” என்று அந்த அம்மாள் பொட்டலத்தை எடுத்தார். எடுத்தவர், உச்சியிலிருந்து செருப்பு வரை அவரை ஒரு பார்வை பார்த்தார். “ஐயா, ஒரு விஷயம். அளவு பெருசாயிட்டா தொடைகிட்ட இடைவெளி விழும். அது வழியா எல்லாம் வெளிய வந்துடும். பெருசா இருந்தா நிறைய தாங்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க, கிடையாது. சின்ன உடம்புக்காரங்களுக்கு ஸ்மால்னு தனியா வருது. நாலு சொட்டுக்குன்னே மெல்லிசா, வெளிய தெரியாத மாதிரி. வேற யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க.”

“மச்சான் பெரிய உடம்பும்மா,” என்றார் அளவுக்காரர், கொஞ்சம் கண்டிப்பாகவே. உண்மைதானே?

கடையின் பின்பக்கம்தான் வீடு. மனைவி அக்காவைப் பார்க்கப் போயிருந்தார். அளவுக்காரர் கடைக் கதவைச் சாத்தி, வாடிக்கையாளர் போட்டுப் பார்க்கும் திரைக்குப் பின்னால் போய், பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைப் போட்டுக்கொண்டார். அது மார்பு வரை வந்தது. கை நுழைக்க இரண்டு ஓட்டை இருந்திருந்தால் ஸ்வெட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கையை எடுத்ததும் சரசரவென்று இறங்கி முட்டியில் நின்றது. தூக்கிப் பிடித்துக்கொண்டு தொடையோரம் விட்டுப் பார்த்தார். மூன்று விரல் போனது. தூறலுக்குப் பந்தல் போட்ட மாதிரி இருந்தது, அதுவும் நாலு பக்கமும் திறந்த பந்தல்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? திரும்பப் போய்க் கேட்பீர்கள். அவர் தையல்காரர். தொளதொளவென்று ஒன்றைப் பார்த்தால் தையல்காரரின் கைக்குத் திருப்பிக்கொடுக்கத் தோன்றாது, பிடித்துத் தைக்கத்தான் தோன்றும். பக்கத்துக்கு ஒன்பது இன்ச் பிடிப்பது என்று சாக்பீஸால் கோடு போட்டார். நடுவிலும் கொஞ்சம் அகலத்தைக் குறைத்துவிட்டால் பேண்ட்டுக்குள் கச்சிதமாக உட்காரும் என்று தோன்றியது. கத்தரியை எடுத்து அதையும் செய்தார். அப்புறம் மெஷினில் வைத்து மிதித்தார். தையல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த உள்ளாடைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நடுவே பஞ்சுக்குள் உப்புத்தூள் போல ஒரு குருணை இருக்கும். ஈரம் பட்டால் ஊதிக் கூழாகி, ஈரத்தைத் தனக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் கசியவிடாத மெல்லிய தாள். அந்தத் தாளில் தையல் ஊசி இறங்கினால், ஊசிக்கு ஒரு ஓட்டை. அளவுக்காரர் தைத்தது உள்ளாடையில்லை, சல்லடை. அவர் வெட்டிய நடுப்பாகத்திலிருந்து குருணை பொலபொலவென்று மேசை முழுக்கக் கொட்டியது. ஏதோ பஞ்சுத் தூசி என்று நினைத்துக்கொண்டு, இஸ்திரி போடுவதற்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து நாலு தடவை பீய்ச்சி, துணியால் துடைத்தார்.

துடைக்கத் துடைக்க வளர்ந்தது. சிட்டிகை கரண்டியானது. கரண்டி கிண்ணமானது. துணியில் ஒட்டியது, துணியை உதறினால் மேசையில் ஒட்டியது, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போய்விடும் என்று விட்டபோது மேசையின் விளிம்பைத் தாண்டி மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது. இரண்டு கையாலும் அணைகட்டிப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற சமயத்தில், பின்கதவு வழியாக மனைவி வந்து சேர்ந்தார்.

“என்னங்க அது?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததா கையில வழியுது?” மனைவி மெஷினுக்கு அடியில் பாதி தைத்துக் கிடந்ததை இரு விரலால் தூக்கிப் பார்த்தார். “இது யாருக்கு?”

“எனக்கில்ல. உங்க அண்ணனுக்கு.”

“எங்க அண்ணனுக்கா?”

“ஆமா. பாவம். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு.”

“என்கிட்டகூடவா? கூடப் பொறந்தவ நான் ஒருத்தி இருக்கேன், உங்ககிட்ட சொல்லியிருக்காரு.” மனைவி போனை எடுத்துக் காதில் வைத்தார். “இருங்க, அண்ணிகிட்டயே கேட்டுடறேன். எப்பலேருந்து, டாக்டர் என்ன சொன்னாரு, எல்லாம் தெரிஞ்சுக்க வேணாமா?”

“வேணாம். வச்சிடு.”

“ஏன் வைக்கணும்? மனுஷன் அவ்வளவு தூரம் லாரி ஓட்டறாரு. வழியில கஷ்டப்பட்டாருன்னா…”

போனைப் பிடுங்கலாம் என்றால் கையை எடுக்க முடியாது; எடுத்தால் கூழ் தரைக்கு வந்துவிடும். அளவுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்குத்தான்,” என்றார்.

மனைவி போனைக் கீழே வைத்தார். அவர் அதில் ஒரு எண்ணையும் அழுத்தியிருக்கவில்லை.

“நாலு மாசமா உங்க பேண்ட்டை நீங்களே அலசி, பின்பக்கமா கொண்டுபோய்க் காயப்போடறீங்க. முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு கர்ச்சீப்பு அலசினவர் இல்ல. எனக்குக் கண்ணு இல்லன்னு நினைச்சீங்களா?”

“தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா எங்க அண்ணன் தலையில போட்டிருப்பீங்க. இப்ப போட்டீங்களே, அந்த மாதிரி.”

“நாளைக்கு அறுபது பேரு,” என்றார் அளவுக்காரர். “போகலன்னா ரெடிமேட் கம்பெனிக்காரன் வந்துடுவான். போய் முட்டி போட்டா இது வந்துடும்.”

“சரி. கையை எடுங்க.” மனைவி சமையலறையிலிருந்து உப்பு டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் தூவினார். “பேத்தியோட டயப்பர் ஒண்ணு துணியோட துணியா வாஷிங் மெஷின்ல போச்சே, அன்னிக்குக் கத்துக்கிட்டேன். தண்ணி விட்டா ஊதும், உப்புப் போட்டா இளகிடும். உங்க மெஷின்ல மட்டும் போட்டுடாதீங்க, துருப்பிடிக்கும். அதுல பிரஷ்ஷாலதான் தட்டி எடுக்கணும்.” சொல்லிக்கொண்டே ஈரத் துணியால் கூழை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அளவுக்காரரின் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். “நேரா நில்லுங்க.”

ஊர் முழுக்க அளந்த மனிதரை இதுவரை யாரும் அளந்ததில்லை. அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“மூச்சை உள்ள இழுக்காதீங்க.”

“இழுக்கல.”

“இழுக்கறீங்க.”

நாற்பது வருஷமாக இதே வார்த்தையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, சிரித்து, சிலரை அதட்டியும் இருக்கிறார். வேண்டுமென்று யாரும் இழுப்பதில்லை, டேப் சுற்றி வந்ததும் மூச்சு தானாக உள்ளே போய்விடுகிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

“டேப்பை முறுக்காம பிடி,” என்றார், வேறொன்றும் சொல்லத் தோன்றாமல்.

“வாயை மூடுங்க. இருபத்தெட்டரை.”

“இருபத்தெட்டு.”

“அது உங்க ஆசை. சீட் முப்பத்தொண்ணு.” மனைவி அதை அவருடைய அளவுப் புத்தகத்திலேயே புதுப் பக்கத்தில் எழுதினார். “கடை காலையில எட்டு மணிக்குத் திறப்பாங்க. நான் போகட்டுமா, நீங்க போறீங்களா?”

“நீ போனா உனக்குன்னு நினைப்பாங்க.”

“நினைச்சுக்கட்டுமே. எனக்கு மட்டும் என்ன, ரெண்டு பிரசவம். ஜலதோஷம் பிடிச்சா நானும்தான் ஒரு நாப்கின் வச்சுக்கறேன். நான் என்ன எங்க மாமியார் பேரையா இழுக்கறேன்?” என்று சொல்லிவிட்டு மனைவி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். “முதல்ல இதைக் குடிங்க. வாய் காஞ்சு கிடக்கு.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு அளவுக்காரர் மருந்துக்கடை வாசலில் நின்றார். ஷட்டர் முழுக்க ஏறுவதற்குள் அவருக்குப் பின்னால் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்.

“மச்சான் எப்படி இருக்காரு?” என்றார் அந்த அம்மாள்.

“அவருக்கென்ன, நல்லா இருக்கார். இது எனக்கு. இருபத்தெட்டரை, முப்பத்தொண்ணு.”

பின்னால் இருந்த மூவரில் ஒருவர் இருமினார். மற்றபடி உலகத்தில் எதுவும் நடக்கவில்லை. அந்த அம்மாள் சிரிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. ஸ்மால் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வேலையைச் சொல்வதுபோலச் சொன்னார். “பையில ரெண்டு கூட வச்சுக்கோங்க. நனைஞ்சா உடனே மாத்திடுங்க, பிசினாறித்தனம் பண்ணிப் போட்டிருந்தா தோல் புண்ணாகும். தொடைகிட்ட இருக்கற சுருக்கு உள்பக்கமா மடங்கிடாம விரலை விட்டு எடுத்து விடுங்க. டாக்டரை ஒரு தடவை பாருங்க, இது எதனாலன்னு தெரியணும். அடுத்தவங்க வாங்க.”

ஒன்பதரைக்குத் தீயணைப்பு நிலையத்தில் முதல் ஆள் வந்து நின்றார். அளவுக்காரர் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டார். நீளத்தைப் படித்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். வழக்கமான அந்த நாலு சொட்டும் தவறாமல் வந்தன. வந்தவை போக வேண்டிய இடத்துக்குப் போய் அடங்கின. நீளத்தை எழுதிக்கொண்டு, “அடுத்த ஆள்,” என்றார். பத்தாவது ஆள் வரை ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துக்கொண்டார். இருபதாவது ஆளில் அது மறந்துபோனது. நடுவில் ஒரு தடவை போய் மாற்றிக்கொண்டு வந்தார். டீ குடிக்கப் போனார் என்று நினைத்தார்கள். நாற்பதுக்கு மேல் முட்டிதான் வலித்தது, அது வேறு கதை. அறுபதாவது ஆளும் முடிந்தபோது அதிகாரி வந்து, “அடுத்த வருஷமும் நீங்கதானே மாஸ்டர்?” என்றார். அளவுக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “வேற யாரு?” என்றார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இப்படியெல்லாம் எதுவும் இல்லை. தெரியும். பொது அறிவுக்காகப் படித்தீர்கள். நடுவில் யாரோ அறைக்குள் வந்தபோது, பக்கத்தைச் சட்டென்று புரட்டியதும் தற்செயலாக நடந்ததுதான். இருந்தாலும் ஒரு சின்னத் தகவல் சொல்லிவைப்பதில் தவறில்லை. வந்தாரே, அவருக்கு ரொம்ப நாளாகவே தெரியும்.